பிடி மண்ணுக்கும் பாஸ்போர்ட்டா?

1958-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஒகினாவாத் தீவில் உள்ள நாஹா துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிலர் அதில் வந்திருந்தார்கள். விளையாட்டுப் போட்டிக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். வெற்றி பெறவில்லை. கோப்பையும் இல்லை, கொடியும் இல்லை. ஆனால் பைகளில் ஒன்று பத்திரமாக இருந்தது.

என்ன அது? பணமா? பண்டமா? இல்லை. மண்! வெறும் மண்!

அந்த மண்ணைக் கரைக்குக் கொண்டுபோக அவர்களால் முடியவில்லை. வெளிநாட்டு மண்ணை உள்ளே விடக் கூடாது என்று சட்டம். மண்ணில் பூச்சியும் புழுவும் பயிர் நோயும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதற்காகப் போட்ட சட்டம் அது. ஆகவே பையன்கள் கொண்டு வந்த மண் துறைமுகத்துக் கடலில் கொட்டப்பட்டது. பையன்கள் வெறும் பையோடு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த மண்ணில் அப்படி என்ன இருந்தது? அதைத் தெரிந்துகொள்ள, ஜப்பான் நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிரிக்கெட்டுக்குத் தம்பி

அதன் பெயர் பேஸ்பால். அமெரிக்காவில் வளர்ந்த ஆட்டம். பார்க்கிறவர்களுக்குக் கிரிக்கெட்டின் தம்பி போல இருக்கும். இதிலும் பந்து உண்டு, மட்டை உண்டு. ஆனால் மட்டை தட்டையாக இராது. உலக்கையைப் போல உருண்டையாக இருக்கும். பந்தைத் தரையில் குத்தி எழுப்ப மாட்டார்கள். நேராக வீசுவார்கள். ஒரு பக்கத்துக்கு 9 பேர். அடித்தவன் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை மதிலுக்கு அப்பால் தூக்கி அடித்துவிட்டால் ஓட்டப் பந்தயமே வேண்டாம். நடந்தே சுற்றி வரலாம். அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர்.

ஜப்பானியருக்கு இந்த ஆட்டத்தின் மீது பித்து. அதிலும் பள்ளிப் பிள்ளைகளின் போட்டி என்றால் பெரியவர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பார்ப்பார்கள். 1915-ம் ஆண்டு தொடங்கிய போட்டி அது. ஒசாகா நகரத்துக்கும் கோபே நகரத்துக்கும் நடுவில் கோஷியன் என்ற இடத்தில் 1924-ம் ஆண்டு ஒரு பெரிய மைதானம் கட்டினார்கள். அதற்குப் பிறகு போட்டியின் பெயரே கோஷியன் என்று ஆகிவிட்டது.

ஆடுகிற பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. பரிசுப் பணமும் கிடையாது. ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றால் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான். தோற்ற பையன்கள் மைதானத்தில் குனிந்து, கண்ணீரோடு மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வார்கள். குலதெய்வம் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போகிறார்களே, அதே பக்தி! அந்த மண்ணைச் சாகும்வரை வைத்திருப்பவர்களும் உண்டு.

ஒகினாவாப் பையன்கள் கொண்டு வந்தது அந்த மண்தான்.

எது வெளிநாடு?

இங்கே ஒரு கேள்வி. ஒகினாவாவும் ஜப்பானைச் சேர்ந்ததுதானே? ஜப்பான் மண் எப்படி வெளிநாட்டு மண் ஆகும்?

1945-ம் ஆண்டு, உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், ஒகினாவாவில் மூன்று மாத காலம் பயங்கரச் சண்டை நடந்தது. ஷூரி என்ற ஊரில் இருந்த பழைய அரண்மனைக் கோட்டை தரைமட்டம் ஆயிற்று. பள்ளி மாணவர்களையும் போருக்கு இழுத்தார்கள். புத்தகம் பிடித்த கையில் ஆயுதத்தைக் கொடுத்தார்கள். ஷூரிப் பள்ளியின் மாணவர்கள் பலர் மாண்டார்கள். போர் முடிந்த பிறகு தீவு அமெரிக்காவின் ஆட்சிக்குப் போயிற்று. 1972-ம் ஆண்டு மே மாதம் வரை அப்படியே இருந்தது.

பேசுவது ஜப்பானிய மொழி. படிப்பது ஜப்பானியப் பாடம். ஆனால் ஜப்பானுக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டும்!

1958-ல் நடந்தது 40-வது கோஷியன் போட்டி. அதனால் மாகாணத்துக்கு ஓர் அணி என்று எல்லோரையும் அழைத்தார்கள். ஒகினாவாவுக்கும் ஓர் இடம் கிடைத்தது. போனது அதே ஷூரிப் பள்ளி. எலும்பும் சாம்பலுமாகக் கிடந்த ஊரிலிருந்து 13 ஆண்டுக்குள் ஒரு பேஸ்பால் அணி எழுந்து வந்தது என்றால் அது சின்னச் செய்தியா?

ஷூரி முதல் ஆட்டத்திலேயே 3-0 என்று தோற்றது. மண்ணை அள்ளிக்கொண்டு ஊருக்குத் திரும்பியது. பிறகு நடந்ததுதான் முதலிலேயே சொன்ன கதை.

அதிகாரிகளைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் சட்டத்தைப் பார்த்தார்கள். சட்டத்துக்குக் கண்ணீர் தெரியாது. ஆனால் ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது. ஜப்பான் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு விமானப் பணிப்பெண் இந்தச் செய்தியைக் கேட்டு மனம் வருந்தினார். மண்ணுக்குத்தானே தடை? கல்லுக்குத் தடை இல்லையே! கோஷியன் மைதானத்தில் கிடந்த கூழாங்கற்களைச் சேர்த்து ஷூரிப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தக் கற்களைப் பதித்துப் பள்ளியில் ஒரு நினைவுச் சின்னம் கட்டப்பட்டது. சட்டத்தையும் மீறவில்லை, பிள்ளைகளின் மனத்தையும் நோக விடவில்லை. படித்த மேதாவிகளுக்கு வராத யோசனை!

5 ஆண்டுகள் கழித்து, 1963-ல், அதே ஷூரிப் பள்ளி மறுபடியும் கோஷியனுக்குப் போயிற்று. இந்தத் தடவை ஒரு ஆட்டத்தில் வென்றது. கோஷியனில் ஒகினாவா பெற்ற முதல் வெற்றி அதுதான்.

பழைய கணக்கு

'வெளியே நில்' என்று சொல்லும் வழக்கம் இந்த விளையாட்டில் புதிது அல்ல. ஜப்பானுக்குப் பேஸ்பாலைக் கொண்டு வந்தவர் ஹோரேஸ் வில்சன் என்ற அமெரிக்க வாத்தியார். 1872-ம் ஆண்டு டோக்கியோ நகரத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். வாத்தியார் நல்லவர். ஆனால் யோகோஹாமா துறைமுகத்தில் குடியிருந்த வெள்ளைக்காரர்கள் அப்படி இல்லை. அவர்களுக்கு ஒரு கிளப் இருந்தது, ஒரு மைதானம் இருந்தது. ஜப்பானிய மாணவர்கள் எங்களோடு ஆடுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டும் அவர்கள் இசையவில்லை. ஜப்பானியரின் சொந்த மண்ணிலேயே ஜப்பானியருக்கு இடம் இல்லை!

கடைசியில் 1896-ம் ஆண்டு ஒப்புக்கொண்டார்கள். டோக்கியோ மாணவர்கள் யோகோஹாமாவுக்குப் போனார்கள். ஆட்டம் முடிந்தது. மாணவர்கள் 29 ஓட்டம். வெள்ளைக்காரர்கள் 4 ஓட்டம்! நாடே கொண்டாடியது.

இப்படி வெளியே நிறுத்தப்பட்டு வேதனைப்பட்டவர்களே, தங்கள் கையில் அதிகாரம் வந்ததும் என்ன செய்தார்கள்? மாமியார் கொடுமையை அனுபவித்த மருமகள், தான் மாமியார் ஆனதும் என்ன செய்வாள் என்று கேட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் விடை சொல்லிவிடுவார்கள்.

ருஷியப் பையன்

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவு. பனி கொட்டும் சீமை. அங்கே அசஹிகாவா என்ற ஊருக்கு ஒரு ருஷியக் குடும்பம் பிழைக்க வந்தது. ருஷியாவில் நடந்த புரட்சிக்குப் பிறகு உயிர் தப்பி ஓடி வந்தவர்கள். அவர்களுடைய மகன் விக்டர் ஸ்டார்பின். 1916-ல் பிறந்தவன். சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் ஜப்பானியப் பிள்ளைகளோடு ஜப்பானியப் பள்ளியில் படித்தான். நெடுநெடு என்று வளர்ந்தான். பந்து வீசினால் மின்னல்!

கோஷியனுக்குப் போக வேண்டும். அது ஒன்றுதான் அவனுடைய ஆசை. அவன் பள்ளி மாகாணத்தின் கடைசி ஆட்டம் வரை வந்தும் அந்த வாய்ப்பு நழுவியது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பான். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

1934-ம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய அணி ஜப்பானுக்கு வந்தது. பேப் ரூத் என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரரும் அதில் இருந்தார். அவர்களை எதிர்த்து ஆட, டோக்கியோவில் ஒரு பத்திரிகை முதலாளி அணி சேர்த்தார். ஸ்டார்பின் வேண்டும் என்றார்கள். ஆனால் சம்பளக்காரர்களோடு ஆடினால் மாணவன் பள்ளிக்கூடத்து ஆட்டத்தில் சேர முடியாது. அப்படி அப்போது அரசாங்க உத்தரவு இருந்தது. போனால் படிப்பும் போய்விடும், கோஷியனும் போய்விடும். பையனுக்கு மனமில்லை.

அப்போது அவனுடைய தகப்பனார் ஒரு கொலை வழக்கில் சிக்கிச் சிறையில் இருந்தார். குடும்பமோ நாடற்ற குடும்பம். டோக்கியோவுக்கு வராவிட்டால் குடும்பத்தோடு நாடு கடத்திவிடுவோம் என்று மிரட்டியே அவனைக் கொண்டுபோனார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறந்த நாடு எதிரி ஆகிவிட்டது. இருக்கிற நாடு இப்படி மிரட்டுகிறது. பதினெட்டு வயதுப் பையன் என்ன செய்வான்? பள்ளியை விட்டான்.

அவர் பெரிய ஆட்டக்காரர் ஆனார். ஜப்பானில் முதன் முதலாக 300 ஆட்டங்களில் வெற்றி கண்ட பந்து வீச்சாளர் அவர்தான். மொத்தம் 303. 1939-ம் ஆண்டில் மட்டும் 42 வெற்றி! ஆனாலும் போர் வந்ததும் அவருடைய பெயரைக் கூடப் பொறுக்கவில்லை. சுடா ஹிரோஷி என்று ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ளச் செய்தார்கள். அதுவும் போதவில்லை. போரின் கடைசிக் காலத்தில், வெளிநாட்டார் என்று மற்ற அயல்நாட்டாரோடு கருயிசாவா என்ற மலையூரில் காவலில் வைத்தார்கள். ஜெயித்தபோது ஜப்பானியப் பெயர், சந்தேகம் வந்தபோது ருஷிய ரத்தம்!

1957-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு விபத்தில் ஸ்டார்பின் இறந்தார். வயது 40. சாகும்போதும் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. அசஹிகாவா ஊர் பிற்காலத்தில் தன் பேஸ்பால் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்து, சிலையும் எழுப்பியது. அந்த ஊர், நாடு செய்யாததைச் செய்தது.

விரலில் ரத்தம்

ஸ்டார்பின் இறந்த அதே 1957-ம் ஆண்டு. இன்னொரு பையன்.

டோக்கியோவில் ஒரு சிறிய சீனச் சாப்பாட்டுக் கடை. கடைக்காரர் சீனாவிலிருந்து பிழைக்க வந்தவர். மனைவி ஜப்பானியப் பெண். இருவரும் விடிய எழுந்து இரவு வரை அடுப்படியில் நிற்பவர்கள். பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. மூத்தவன் டாக்டர், இளையவன் என்ஜினீயர். இப்படிக் கனவு. மூத்தவர் டாக்டர் ஆனார். இளையவனோ மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்! அவன்தான் சடஹாரு ஓ.

பிறந்தது டோக்கியோ. பேசியது ஜப்பானிய மொழி. தாய் ஜப்பானியர். ஆனால் அன்றைய சட்டப்படி பிள்ளை தகப்பன் நாட்டைச் சேர்ந்தவன். ஆகவே பிறந்த ஊரிலேயே அவன் வெளிநாட்டான்.

அந்த ஆண்டு வசந்த காலத்துக் கோஷியன் போட்டியில் அவன் பள்ளி கலந்துகொண்டது. பந்து வீசும் பொறுப்பு ஓவுக்கு. அப்போது 16 வயது. போட்டியின் நடுவில் விரலில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. பந்தில் ரத்தக் கறை. மாற்று ஆள் கேட்கலாம். கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீசினான்.

டோக்கியோவில் இருந்த தகப்பனாருக்குச் செய்தி எட்டியது. கடையை விட்டு ஒரு நாளும் நகராத மனிதர் ரயில் ஏறினார். கையில் ஜின்செங் வேர். சீன வைத்தியத்தில் உயர்ந்த மருந்து என்று போற்றப்படும் வேர் அது. மகன் தங்கியிருந்த விடுதிக்கு வந்தார். விரலுக்கு மருந்து போட்டார். அதிகம் பேசவில்லை. அடுத்த ரயிலைப் பிடித்து ஊருக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் கடை திறக்க வேண்டுமே!

4 ஆட்டம். நான்கிலும் அதே பையன்தான் வீசினான். கடைசி ஆட்டத்தில் 5-3 என்று வெற்றி. வெற்றிக் கொடி டோக்கியோவுக்கு வந்தது. அந்தக் கோடையில் மறுபடியும் கோஷியன் போனார்கள். ஓர் ஆட்டத்தில் 11 சுற்று வரை எதிரணிக்கு ஒரு நல்ல அடிகூடக் கொடுக்காமல் வீசினான் ஓ. பத்திரிகைகள் புகழ்ந்தன.

பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பினார்கள்

அந்த இலையுதிர் காலத்தில் ஷிசுவோகா மாகாணத்தில் தேசிய விளையாட்டு விழா. ஓவின் பள்ளி அணிக்கும் அழைப்பு வந்தது. பையன்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஓவுக்கு மட்டும் அனுமதி இல்லை! விழாவில் ஜப்பானியக் குடிமக்கள் மட்டுமே ஆடலாம். அதுதான் விதி.

பள்ளிக்கு அழைப்பு வாங்கிக் கொடுத்ததே அவன் தோள்தான். அந்தத் தோள் மட்டும் வேண்டாம் என்றார்கள். பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைத்தவனை, நீ எந்தக் குலம் என்று கேட்டு எழுப்பி விடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கூட ஆடிய பையன்கள் அவனைச் சீனன் என்று பார்க்கவில்லை. எதிரில் ஆடியவர்களும் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவன் ஒரு நல்ல பந்து வீச்சாளன். மேஜையில் உட்கார்ந்து காகிதம் பார்த்தவர்கள்தான் அவனைச் சீனன் ஆக்கினார்கள். அதுவரை தான் வேறு என்று பெரிதாக நினைத்திராத பிள்ளை, அன்று நினைத்தான். 17 வயதில் அந்தப் பாடம் எதற்கு?

பிறகு ஓ சம்பள ஆட்டத்தில் சேர்ந்தார். 22 ஆண்டுகள் ஆடி 868 ஹோம் ரன் அடித்தார். 1977-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி, அமெரிக்க வீரர் ஹாங்க் ஆரனின் 755 என்ற கணக்கைத் தாண்டி 756-வது அடித்தார். அன்று அவருடைய வயதான தாய் தந்தையரும் மைதானத்துக்குள் அழைக்கப்பட்டார்கள். நூடுல்ஸ் கிண்ணம் ஏந்திய கைகளுக்கு நாடே கை தட்டியது. இரண்டு நாள் கழித்து, ஜப்பான் சர்க்கார் புதிதாக ஏற்படுத்திய ஒரு பெரிய விருதை முதல் முதலாக ஓவுக்குக் கொடுத்தார்கள். அந்த விருதின் பெயர் என்ன தெரியுமா? 'குடிமக்கள் பெருமை விருது'! குடிமகன் அல்ல என்று விழாவை விட்டு வெளியே நிறுத்தியவருக்குக் குடிமக்களின் பெருமை என்று விருது! ஓ அப்போதும் குடியுரிமையை மாற்றிக்கொள்ளவில்லை. 2006-ம் ஆண்டு முதல் உலகப் பேஸ்பால் போட்டியில் ஜப்பான் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக நின்று கோப்பை வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான்.

சாதனை செய்துவிட்டார், ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். அது நியாயம் ஆகாது. 868 அடிக்கிற பிள்ளை லட்சத்தில் ஒருவன். சாதாரணமாக ஆடுகிற, பள்ளி முடிந்ததும் கடைக்கோ தொழிற்சாலைக்கோ போய்விடுகிற வெளிநாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்த ஒரு விழாதான் வாழ்க்கையில் கிடைக்கிற மேடை. அது தட்டிப்போனால் பிற்காலத்தில் யாரும் விருது கொடுத்துக் கடனைத் தீர்க்கப் போவதில்லை.

எங்கே கேட்கலாம், எங்கே கூடாது?

நாட்டுக்கு நாடு போட்டி என்றால் குடியுரிமை கேட்கட்டும். அது முறைதான். கொடியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் எந்த நாட்டான் என்று கேட்காமல் முடியாது. சம்பளத்துக்கு ஆடுகிற இடத்தில், வெளிநாட்டார் இத்தனை பேர் என்று அளவு வைத்தாலும் குற்றம் இல்லை. உள்ளூர் ஆளின் பிழைப்பைப் பார்க்க வேண்டும்.

ஆனால் சம்பளம் இல்லாத ஆட்டம் வேறு. பள்ளிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஊர்ச் சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறார்கள். கூலி வேலை முடிந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். அங்கே பாஸ்போர்ட் பார்ப்பானேன்? இந்தப் பள்ளியில் படிக்கிறானா? இந்த அணியோடு பயிற்சிக்கு வருகிறானா? மற்றவர்களைப் போல மைதானத்தைப் பெருக்குகிறானா? இந்த மூன்று கேள்வி போதும். நான்காவது கேள்வி தேவை இல்லை.

அப்படித் திறந்துவிட்டால், பெரிய பள்ளிகள் பணத்தை வீசி வெளிநாட்டிலிருந்து பலசாலிப் பையன்களைப் பிடித்து வருமே என்று ஒரு கட்சி. அந்தப் பயம் பொய் அல்ல. கோப்பைக்காக ஆள் பிடிக்கிற பள்ளிகள் உலகத்தில் உண்டு. பையன் காயம்பட்டால் கைவிட்டு விடுகிற பள்ளிகளும் உண்டு. ஆனால் அதற்கு மருந்து வேறு. எத்தனை மாதம் இங்கே படித்தான் என்று வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாம். பரீட்சை எழுதினானா என்று பார்க்கலாம். ஆள் பிடித்த பள்ளியைத் தண்டிக்கலாம். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல, எல்லா வெளிநாட்டுப் பிள்ளைகளையும் வெளியே நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வேறு நாட்டுக்குப் போய் ஆடுகிறவனுக்கும் கடமை உண்டு. ஜப்பானில் மைதானத்துக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றித் தலை வணங்குவார்கள். எங்கள் ஊரில் இப்படி இல்லையே என்று ஒருவன் விறைத்து நின்றால், அவனை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அந்த ஊர் மொழியில் நாலு வார்த்தையாவது பேச வேண்டும். தோற்றால் அவர்களோடு சேர்ந்து அழவேண்டும். ஸ்டார்பினும் ஓவும் இதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆகவேதான் அவர்களுக்கு நடந்தது அதிகமாக வலிக்கிறது.

தேசிய விளையாட்டு விழாவின் விதி பிற்காலத்தில் தளர்த்தப்பட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பள்ளிப் பிள்ளைகளும் ஆடலாம் என்று ஆயிற்று. நல்லது. ஆனால் விதிப் புத்தகத்தில் ஒரு வரியைத் திருத்துவது சுலபம். மனிதர் மனத்தில் திருத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. அதற்குச் சாட்சி 2024-ம் ஆண்டு கோஷியன்.

கொரியப் பாட்டு

கியோட்டோ நகரத்தில் ஒரு சிறு பள்ளி. போர் முடிந்த பிறகு, 1947-ல், ஜப்பானில் வாழ்ந்த கொரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் கியோட்டோ சர்வதேசப் பள்ளி. இன்று அங்கே படிப்பவர்களில் ஜப்பானியப் பிள்ளைகளே அதிகம். மொத்த மாணவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. ஆனால் பள்ளிப் பாட்டு மட்டும் பழைய கொரிய மொழிப் பாட்டுதான்.

கோஷியனில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் வென்ற பள்ளியின் பாட்டை ஒலிபரப்புவார்கள். பையன்கள் வரிசையாக நின்று பாடுவார்கள். நாடு முழுவதும் டெலிவிஷனில் கேட்கும். 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கோஷியன் மைதானம் கட்டி 100 ஆண்டு நிறைந்த அந்தக் கோடையில், கியோட்டோ பள்ளி ஒன்றன்பின் ஒன்றாக ஜெயித்தது. ஒவ்வொரு தடவையும் கொரியப் பாட்டு ஒலித்தது. சிலருக்குப் பொறுக்கவில்லை. பள்ளியையும் பிள்ளைகளையும் இழிவாகப் பேசி எழுதினார்கள். இத்தனைக்கும் பாடின பையன்களில் பெரும்பாலோர் ஜப்பானியர்கள்! அவதூறு பேசுவதை ஏற்க முடியாது என்று கியோட்டோ மாகாண ஆளுநரே வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியதாயிற்று.

பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் வழி இருந்தது. அவர்களைத் தோற்கடித்திருக்கலாம். தோற்ற பள்ளியின் பாட்டை யாரும் போட மாட்டார்கள். ஆட்டக்காரன் அப்படித்தான் யோசிப்பான். மைதானத்துக்குள் இருந்த எந்தப் பிள்ளையும் பாட்டைப் பற்றிப் புகார் சொன்னதாகச் செய்தி இல்லை. கூச்சல் எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தது.

இந்தப் பள்ளிக்குப் பேஸ்பால் அணி வந்தது 1999-ம் ஆண்டில். முதல் போட்டியில் எத்தனை ஓட்டத்தில் தோற்றார்கள்? 34-0! எந்த அணியும் அன்றோடு மட்டையை மூட்டை கட்டியிருக்கும். இவர்கள் கட்டவில்லை. பிள்ளைகள் சேர்ந்தார்கள். பயிற்சி நடந்தது. பள்ளியின் மைதானமோ சின்னது. முழு ஆட்டம் ஆட அங்கே இடம் கிடையாது.

2024 ஆகஸ்டு 23-ந் தேதி கடைசி ஆட்டம். எதிரில் டோக்கியோவின் கன்டோ தாய்இச்சிப் பள்ளி. 9 சுற்று முடிந்தும் இரு பக்கமும் ஒரு ஓட்டம்கூட எடுக்கவில்லை. 10-வது சுற்றுக்குப் போனார்கள். 2-1 என்று கியோட்டோ வென்றது. கொரியப் பாட்டு இன்னும் ஒருமுறை ஒலித்தது. சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு பையன்கள் அந்தச் சின்ன மைதானத்துக்குத் திரும்பினார்கள்.